உணவு நிரலில் ஒளிந்திருக்கும் வரலாறு

வரலாறு என்றவுடன் நம் நினைவிற்கு வருவன அரசர் பெயர்களும், போர் நிகழ்ந்த ஆண்டுகளும், கோயில் கல்வெட்டுகளுமே ஆகும். இவை யாவும் இன்றியமையாதன, ஐயமில்லை. ஆயினும், ஒரு மக்கட் கூட்டம் நாள்தோறும் எதனை உண்டது, யார் சமைக்க யார் உண்டனர், உண்ட பின் மிஞ்சியது யாருக்குச் சென்றது என்னும் வினாக்களுக்கு விடை காணாத வரலாறு முழுமையுடையதாகாது. இவ்வினாக்களுக்கு விடை தரும் சான்றுகளுள் ஒன்று, பழைய சமையல் நூல்களில் காணப்படும் உணவு நிரல். ‘மெனு’ என்று இன்று உணவகந்தோறும் வழங்கும் அச்சிறு பட்டியலையே நாம் உணவு நிரல் என்கிறோம். நாம் வாழும் இப்பெங்களூர் நகரையும், இங்கே குடியேறிய நம் முன்னோரையும் மனத்திற் கொண்டு, அத்தகைய நிரல்கள் சிலவற்றை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

உணவைப் பற்றி எழுதிவைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த விருந்து வீமசேனனுடைய மடைநூல் நெறியினின்று வழுவாமல் சமைக்கப்பட்டது என்று கூறப்படுகின்றது. மடைநூல் என்பது சமையல் நூல். ஆகவே, சமையலுக்கென ஒரு நூல் உண்டு என்னும் எண்ணம் அக்காலத்திலேயே இருந்தது தெளிவு. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. முல்லை நிலத்தார் வரகுச் சோற்றை அவரைப் பருப்போடு உண்டதையும், மருத நிலத்து உழவர் வெண்ணெற் சோற்றைக் கோழியின் பொரியலோடு இட்டதையும், அந்தணர் இல்லத்தில் மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் கூட்டி வெண்ணெயில் பொரித்து, மாவடு ஊறுகாயோடு பரிமாறியதையும் அப்பாட்டு வரிசையாகக் காட்டுகின்றது. அரண்மனை விருந்தை மட்டும் பாடி நிற்காமல், வழியில் உள்ள ஒவ்வொரு குடியின் அன்றாட உணவையும் அப்புலவர் பதிவு செய்தார். இந்த நோக்கு நமக்குப் பெரிதும் வேண்டற்பாலது.

நமக்கு வாழ்வளிக்கும் இக்கன்னட நாட்டிலும் சமையல் நூல் மரபு மிகத் தொன்மையானது. 12ஆம் நூற்றாண்டில் கலியாணியிலிருந்து ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் வடமொழியில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் நூலில் உணவுக்கெனத் தனிப்பகுதி உண்டு. 16ஆம் நூற்றாண்டில் மூன்றாம் மங்கரசன் ‘சூப சாஸ்திரம்’ என்னும் கன்னட நூலைச் செய்யுளில் எழுதினான். ஆனால் இவையெல்லாம் மன்னர் அறிந்த உணவைப் பற்றியன. எளிய மக்களின் அடுக்களைக்குள் இவை பெரும்பாலும் நுழையவில்லை.

இனி, பெங்களூர்க்கு வருவோம். சீரங்கப்பட்டணத்துத் தட்பவெப்பம் உடல்நலத்திற்கு ஒவ்வாமையால், ஆங்கிலேயர் தம் படையை 1809ஆம் ஆண்டில் பெங்களூர்க்கு மாற்றினர். அவ்வாறு உருவான படைக்குடியிருப்பையே நம்மவர் இன்றளவும் ‘தண்டு’ என்று வழங்குகின்றனர். படையோடு தமிழ் மக்களும் வந்தனர். சிப்பாய்களும், கொத்தர்களும், சலவைத் தொழிலாளரும், வணிகரும், குதிரைக்காரரும், சமையற்காரரும் அவருள் அடங்குவர். 1864ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர் இவ்வரவு மேலும் பெருகியது. அவருள் சிலர் செல்வராயினர். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் போன்றோர் 1873ஆம் ஆண்டிலேயே ஏழைச் சிறுவர்க்கெனப் பள்ளி நிறுவி நிலையான புகழ் எய்தினர். ஆனால் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வெள்ளையர் இல்லங்களில் அடுப்பெரித்த தமிழர் அப்பெயரற்றோருள் அடங்குவர்.

அவர்களைப் பற்றி அறிய ஒரு நூல் துணை செய்கின்றது. சென்னைக் குதிரைப்படையில் பணியாற்றிய கர்னல் ஆர்தர் இராபர்ட் கென்னி-ஹெர்பர்ட் என்பவர் ‘வைவர்ன்’ என்னும் புனைபெயரில் எழுதிய ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ என்பதே அந்நூல். 1840இல் பிறந்து 1916இல் மறைந்த இவர், சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனத்தார் வாயிலாக 1878இல் இந்நூலை வெளியிட்டார். சில ஆண்டுகளிலேயே, 1885இல், ஐந்தாம் பதிப்பு வந்துவிட்டது எனின் இந்நூல் பெற்ற செல்வாக்கை உணரலாம். இதில் முப்பது இயல்களும், சிறு விருந்துகளுக்கான முப்பது உணவு நிரல்களும் உள்ளன. நிரலைத் தருவதோடு அமையாது, ஒவ்வொன்றையும் எவ்வாறு சமைத்து முடிப்பது என்பதையும் அவர் விரித்துரைத்தார். பணியினின்று ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற பின்னரும் இலண்டனில் சமையற்பள்ளி நடத்தி, ஐம்பது காலையுணவு, ஐம்பது பகலுணவு, ஐம்பது இரவுணவு எனத் தனித்தனியே நிரல் நூல்கள் எழுதினார்.

அத்தகைய விருந்தின் ஒழுங்கைச் சிறிது காண்போம். முதலில் தெளிந்த சாறு, அடுத்து மீன், அதன்பின் சிறு இறைச்சிப் பண்டம், பிறகு பெரிய வாட்டிறைச்சி, தொடர்ந்து காய்கறி, அதற்குப்பின் இனிப்பு, இறுதியில் பழம். ஒன்றை உண்டு முடித்துத் தட்டு எடுக்கப்பட்ட பின்னரே அடுத்தது வரும். ஐரோப்பாவில் முன்னாளில் எல்லாப் பண்டங்களையும் ஒருசேர மேசைமேற் பரப்புவதே பிரெஞ்சு முறையாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் உருசிய முறை பரவியபோது, பண்டங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அடுத்து வருவது யாது என்று விருந்தினர் அறியவேண்டி, ஒவ்வொருவர் முன்னும் நிரல் எழுதிய சீட்டு வைக்கும் வழக்கம் வலுப்பெற்றது.

நம் வாழையிலையை இதனோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். நுனி உண்பவரின் இடப்பக்கம் அமையுமாறு இலையிட்டு, உப்பும் ஊறுகாயும் ஓரிடத்திலும், பச்சடியும் கூட்டும் கறியும் தத்தமக்குரிய இடங்களிலும் வைத்து, குழம்பு, சாறு, மோர் என்னும் வரிசையில் சோறு பரிமாறுகின்றோம். எது எங்கே இருக்கும், எதன்பின் எது வரும் என்பதை இலையில் அமர்ந்த சிறுவனும் அறிவான். ஆகவே நமக்கு எழுத்துச் சீட்டு தேவைப்படவில்லை. தேவைப்படாமையால் எழுதவும் இல்லை. எழுதாமையால் விளைந்த இழப்பைப் பின்னர்க் கூறுவோம்.

வைவர்னின் நூலில் நாம் கருதத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. முற்காலத்தில் வெள்ளையர் மேசையில் பெருமையோடு வீற்றிருந்த ‘கறி’, இவர் காலத்தில் பெருவிருந்துகளினின்று விலக்கப்பட்டுவிட்டது. காலையுணவிலும் பகலுணவிலும், விருந்தினர் இல்லாத வீட்டுச் சாப்பாட்டிலும் மட்டுமே அதற்கு இடம் இருந்தது. 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் இங்கிலாந்துப் போக்குவரவு எளிதாயிற்று. தாயகத்து நாகரிகமும் பிரெஞ்சுப் பண்டப் பெயர்களும் விரைந்து வந்தன. ஆள்வோர் ஆளப்படுவோர் உணவினின்று தம்மைப் பிரித்துக் காட்ட விழைந்தனர். இருப்பினும் வைவர்ன் கறிக்கென இயல் ஒதுக்கி, தேங்காய்ப்பாலின் பயனையும் புளிப்புச் சேர்க்கும் முறையையும் எடுத்துரைத்தார். ‘முல்லிகட்டானி’ என்னும் சாறு ‘மிளகு’, ‘தண்ணீர்’ என்னும் இரு தமிழ்ச் சொற்களின் திரிபே என்பதையும் குறித்தார். நம் ஏழை வீட்டு மிளகுநீர், இறைச்சிச்சாறு ஏற்றுக் கடல் கடந்து, ஆங்கில அகராதியிலும் இடம் பிடித்தது.

சொற்கள் ஒரு பக்கமாக மட்டும் செல்லவில்லை. கறி, கஞ்சி, சுருட்டு என்பன ஆங்கிலத்திற் புகுந்தவாறே, போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த ‘குசினி’யும், ஆங்கிலத்திலிருந்து வந்த ‘பட்லர்’, ‘சூப்பு’, ‘கட்லெட்’ என்பனவும் தமிழில் நிலைத்தன. சமையலறையில் நீர் கொணரும் பெண்ணைச் சென்னை ஆங்கிலேயர் ‘தண்ணிக்கெட்ச்’ என்று தம் வாய்க்கேற்பச் சிதைத்து அழைத்தனர். அவளுக்கும் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்கும். அதனை எழுதுவார் இல்லை.

சமையற்காரர் நிலையும் அதுவே. வைவர்ன் தம் நூல் முழுவதும் சமையற்காரரை ‘இராமசாமி’ என்றே அழைக்கின்றார். அது ஒருவருடைய பெயரன்று. சென்னை மாகாணத்துச் சமையற்காரர் அனைவர்க்கும் இட்ட பொதுப்பெயர். நேர்மையோடு கூறுவதானால், வைவர்ன் அவரைப் பழித்து மட்டும் எழுதவில்லை. கற்பிப்பார் இருப்பின் இராமசாமி எதனையும் கற்பார் என்றும், அவரை அன்போடு நடத்துதல் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். மாளிகையினின்று தொலைவில், புகை சூழ்ந்து, தக்க கருவிகள் இன்றிக் கிடந்த சமையற்கட்டுகளைக் கண்டித்து, அதற்கு இல்லத்தலைவரே பொறுப்பாளி என்றும் எழுதினார். அத்தகைய சமையற்கட்டில் நின்றுகொண்டுதான் நம்மவர் ஏழு வகைப் பண்டங்களை உரிய வேளையில், உரிய சூட்டில், ஒன்றன்பின் ஒன்றாக மேசைக்கு அனுப்பினர். பிரெஞ்சு மொழியை அவர் கற்றதில்லை. நிரற்சீட்டைப் படிக்கவும் பெரும்பாலோர் அறியார். செவி வழியாகக் கேட்டு, நினைவில் நிறுத்தி, கைப்பழக்கத்தால் வென்றனர். ஆங்கிலமும் தமிழும் கொண்டு ‘வாட் டு டெல் தி குக்’ என்னும் சமையல் நூல் ஒன்று சென்னையில் அச்சேறியதும் இத்தேவை கருதியே ஆகும். சமையற்காரரிடம் என்ன சொல்வது என்பதே அதன் தலைப்பின் பொருள். சமையற்காரர் என்ன சொன்னார் என்று ஒரு நூல் எழுதுவார் எவரும் இலர்.

இனி நாம் கூறப்போவது உள்ளத்தை வருத்தும் செய்தி. அம்முப்பது நிரல்களும் அச்சேறிய ஆண்டு 1878 என்று கண்டோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர் நாட்டையும் வாட்டிய கொடும் பஞ்சத்தை முதியோர் ‘தாது வருடத்துப் பஞ்சம்’ என்பர். மைசூர் நாட்டின் மக்கள்தொகை 1871ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 50 லட்சம். 1881இல் அது ஏறத்தாழ 42 லட்சமாகக் குறைந்துவிட்டது. பத்தாண்டில் பெருக வேண்டிய தொகை இவ்வளவு சுருங்கியது எனின், மாண்டோர் எத்துணையர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அப்பஞ்ச காலத்திலும் அரசாங்கம் ஓர் உணவு நிரல் வகுத்தது. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்னும் அதிகாரி, பஞ்ச நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமே கூலி என்று குறைத்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மண் சுமந்து கல்லுடைக்கும் ஒருவனுக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்துச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். அவ்வாதத்தின் பயனாக அவ்வாண்டின் இடையிலேயே கூலி சற்று உயர்த்தப்பட்டது. பெங்களூரிலிருந்து மைசூர்க்குச் செல்லும் இருப்புப்பாதையின் வேலை தொடங்கியது இப்பஞ்சத்தின்போதுதான். பசித்தோர்க்கு வேலை தரும் பொருட்டு மண்வேலை தொடங்கி, 1882இல் பாதை மைசூரை அடைந்தது. இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய் வாழ்நாளைக் கழிக்கும் நாம், பேரேட்டில் அப்பாதையின் பெயரை எழுதுந்தோறும், அதன் கரையிலுள்ள மண் எத்தகைய வயிற்றோடு சுமக்கப்பட்டது என்பதை நினையாமல் இருத்தல் இயலாது.

ஒரே காலத்தில், ஒரே மாகாணத்தில், எழுதப்பட்டவை இவ்விரு நிரல்கள். ஒன்று ஏழு வரிகள் கொண்டது. மற்றொன்று ஒரே வரி. முதலாவதை அழகிய நூலாக இன்றும் மறுபதிப்பிட்டுப் படிக்கின்றனர். இரண்டாவது அரசாங்க அறிக்கைகளுள் உறங்குகின்றது. வைவர்ன் தீயவர் என்று கூறுவது நம் கருத்தன்று. அவர் தம் தொழிலை நேசித்த அறிஞர். ஆயினும் ஒரு நிரலை மட்டும் படிப்பவன் அக்காலத்தைப் பற்றிப் பாதி அறிந்தவனே ஆவான். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தலே வரலாற்றுக் கல்வி.

20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. ஃபுளோரா ஆனி ஸ்டீலும் கிரேஸ் கார்டினரும் 1888இல் எழுதிய ஆங்கில இல்லறக் கையேடு புதிய நூற்றாண்டிலும் பன்முறை பதிப்பிக்கப் பெற்றது. நாள்தோறும் காலையில் சமையற்காரரை அழைத்து அன்றைய உணவைத் தீர்மானித்தலும், பண்டசாலையைத் திறந்து அன்றைக்கு வேண்டுவதை அளந்து கொடுத்தலும் துரைசானியின் கடமைகளாக அதில் விதிக்கப்பட்டன. அதே காலத்தில் வங்கத்தில் வேறொரு குரல் எழுந்தது. தேவேந்திரநாத தாகூரின் பேர்த்தியாகிய பிரக்யாசுந்தரி தேவி, தம் தாய்மொழியில் ‘ஆமிஷ் ஓ நிராமிஷ் ஆகார்’ என்னும் பெருஞ்சமையல் நூலை எழுதினார். உணவு நிரலைக் குறிக்க ‘க்ரமணி’ என்று தம் மொழியிலேயே ஒரு சொல் படைத்தார். தம் குடும்பத்தாரும் நாட்டுப் பெரியோரும் நினைவில் நிற்குமாறு பண்டங்களுக்கு அவர்தம் பெயரையும் இட்டார். ஆள்வோர் மேசைக்கே உரியதாகக் கருதப்பட்ட நிரலை, ஓர் இந்தியப் பெண்மணி தம் இல்லத்துக்கு உரியதாக்கிக் காட்டினார்.

தமிழிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இராமசந்திர ராயரின் ‘இந்து பாக சாஸ்திரம்’ முதலிய நூல்கள் அச்சேறின. எனினும் வீட்டுப் பெண்கள் கையில் எடுத்துப் பார்த்துச் சமைக்கும் நூலாக நிலைபெற்றது, எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ என்பதே எனலாம். இளமையிலேயே கணவரை இழந்த அவ்வம்மையார், உறவினர் பலர் கடிதம் எழுதிச் செய்முறை கேட்க, தம் மாமனாகிய கே. வி. கிருஷ்ணசாமி ஐயரின் தூண்டுதலால் நூலாக்கினார். புகுந்த வீடு சென்ற பெண்களும், ஊர்விட்டு ஊர் பெயர்ந்த குடும்பங்களும் தாயின் கைப்பக்குவத்தை அந்நூலில் தேடிக் கண்டனர். நம்மைப் போன்று பிழைப்பின் பொருட்டு வெளியூர் வந்தோர்க்கு அதன் அருமை தெரியும்.

ஆயினும் ஒன்று குறைவாகவே உள்ளது. அச்சேறிய சமையல் நூல்களில் மிகப்பல, வசதியுடையார் அடுக்களையையும் நல்ல நாள் சமையலையும் கூறுவன. கூலியாளின் அன்றாடச் சாப்பாட்டை, மாதக் கடைசியில் எழுத்தரின் வீட்டு இரவுணவை, தண்டுப் பகுதியில் துரை வீட்டுக்கு ஏழு பண்டம் சமைத்த இராமசாமி தம் வீட்டிற்குத் திரும்பி என்ன உண்டார் என்பதை எந்நூலும் கூறவில்லை. வாழையிலை தானே நிரலாக இருந்தமையால் நாம் எழுதவில்லை என்று முன்னர்ச் சொன்னோம். அந்த இலையோ உண்டபின் எறியப்படுவது.

பெங்களூர்த் தமிழரின் அன்றாட உணவில் பதிவு செய்யத்தக்கன மிகப்பல. சௌசௌ என்னும் காயைத் தமிழ்நாட்டில் ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்கின்றனர். கன்னடத்திலோ அது ‘சீமெ பதனெகாயி’, அதாவது சீமைக் கத்தரிக்காய். 1874 முதல் 1908 வரை இலால்பாக் தோட்டத்தை மேற்பார்த்த ஜான் கேமரன் அதனை இங்கே பரப்பியவர் என்பர். அயல்நாட்டுக் கொடி ஒன்று இவ்வூர் மண்ணில் வேரூன்றி, இவ்வூர்ப் பெயரையே தாங்கித் தமிழ்நாட்டுச் சந்தைகளுக்குச் சென்றது. நம்மவர் கதையும் ஓரளவு அத்தகையதே அன்றோ? மார்கழி தை மாதங்களில் அவரைக்காய் குவியும்போது, வடாற்காட்டிலிருந்து வந்த தாய்மார் செய்யும் பிதுக்கம்பருப்புக் குழம்பும், அண்டை வீட்டுக் கன்னடத் தாய்மார் செய்யும் ‘ஹிதுகிதபேளெ சாறு’ம் ஒரே பண்டத்தின் இரு பெயர்கள். நமது கேழ்வரகுக் களியும் அவர்தம் ‘முத்தெ’யும் உடன்பிறப்புகள். இரண்டாம் உலகப் போரின்போது அரிசித் தட்டுப்பாடு நேர்ந்தமையால் இரவையைக் கொண்டு இட்டலி செய்யத் தொடங்கினோம் என்று, 1924இல் தோன்றிய மாவள்ளி டிபன் ரூம்ஸ் உணவகத்தார் கூறுவர். தட்டுப்பாட்டிலிருந்து பிறந்த அப்பண்டம் இன்று இருமொழியார் இல்லங்களிலும் விருப்பத்தோடு உண்ணப்படுகின்றது. ஒரு நகரின் இரு மக்கள் எவ்வாறு நெருங்கி வாழ்ந்தனர் என்பதற்கு, மேடைப் பேச்சுகளினும் இவ்வடுக்களைச் சான்றுகள் வலிமை மிக்கவை.

இவை அழியும் காலம் நெருங்கிவிட்டது. ஆழாக்கும் உழக்கும் பலமும் வீசையும் வழக்கொழிந்தன. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் மெட்ரிக் அளவைகள் வந்தன. பழைய அளவில் கணக்குச் சொல்லும் பாட்டிமார் இன்று மிகச் சிலரே. அவர்களும் மறைந்தபின், எழுத்தில் இல்லாதது நினைவிலும் இராது.

ஆகவே, நம் சங்கத்து அன்பர்கட்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டு முதியோரை அணுகி, அவர்கள் பெங்களூர்க்கு வந்த புதிதில் ஒரு வாரம், ஞாயிறு முதல் சனி வரை, காலையும் பகலும் இரவும் என்ன உண்டனர் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். பண்டத்தின் பெயரோடு, அரிசி எங்கே வாங்கப்பட்டது, என்ன விலை, சமைத்தவர் யார், கடைசியாக உண்டவர் யார் என்பனவற்றையும் குறித்தல் நலம். பழைய சோறும் வெங்காயமும் உண்ட நாளை மறைக்க வேண்டா. ஒன்றும் இல்லாது படுத்த இரவு இருப்பின் அதனையும் எழுதுக. விருந்து நாளை மட்டும் எழுதினால், நாமும் நம் வரலாற்றில் பாதியையே எழுதினவராவோம். அவ்வாறு நூறு வீடுகளின் குறிப்பேடுகள் சங்க நூலகத்தில் சேருமாயின், பின்வரும் ஆராய்ச்சியாளர்க்கு அவை பெருஞ்செல்வமாகும்.

எழுதும்போது சமைத்தவரின் பெயரை மறவாது எழுதுக. தண்டுப் பகுதியில் அடுப்பின் முன் நின்றவர் அத்துணைப் பேரும் ‘இராமசாமி’ என்னும் ஒற்றைப் பெயரில் கரைந்துபோயினர். நம் அன்னையர்க்கும் அந்நிலை வாராதிருத்தல் நம் கையில் உள்ளது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!